புகைக்கு வாய்த்த இதயம்

சுவீடனின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டியதும் யோக்மொக் என்ற சிற்றூர் வருகிறது. 1605 முதல் அங்கே குளிர்காலச் சந்தை கூடுகிறது. பிப்ரவரியின் முதல் வியாழக்கிழமை தொடங்கும் அந்தச் சந்தையில் வெப்பமானி சுழியத்துக்குக் கீழே 30 டிகிரி காட்டுவதும் உண்டு. தோல் காலணிகள், மான்கொம்புப் பிடி போட்ட கத்திகள், வண்ணப் பின்னல் பட்டைகள் என விரியும் கடைகளுக்கு நடுவே கறுஞ்சிவப்பில் ஒரு பண்டம் விற்பார்கள். உள்ளங்கையில் ஏந்தும் அளவுதான் இருக்கும். மேலே எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பு, கிட்டே போனால் விறகுப் புகையின் வாசம். கத்தியால் சீவினால் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல்கள் விழும். அது புகையூட்டிய ரெயின்டீர் இதயம்.

ரெயின்டீர் எனப்படும் துருவ மானை மேய்ப்பவர்கள் ஸாமி மக்கள். நார்வே, சுவீடன், பின்லாந்து மூன்றின் வடபகுதிகளிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் பரவி வாழும் பழங்குடிகள் இவர்கள். இந்த மான்களுக்குச் சொந்தக்காரர் உண்டு. காதில் வெட்டிய அடையாளத்தைப் பார்த்து எந்தக் குடும்பத்து மான் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் தொழுவமோ வேலியோ கிடையாது. காட்டிலும் மலையிலும் தன்போக்கில் மேயும். அதே காடுகளில் யாருக்கும் சொந்தமில்லாத இன்னொரு மானும் திரிகிறது. மான் இனத்திலேயே மிகப் பெரியதான மூஸ் அது. வட சுவீடனில் மூஸ் வேட்டை செப்டம்பரின் முதல் திங்களன்று தொடங்கும். வேட்டையில் விழுந்த மூஸின் இதயத்துக்கும் மந்தையிலிருந்து வந்த ரெயின்டீரின் இதயத்துக்கும் ஒரே பக்குவம்தான்: உப்பு, குளிர்காற்று, புகை.

ஒரு மானை அறுத்தால் உள்ளுறுப்புகள் எத்தனையோ கிடைக்கும். அவற்றில் ஈரலும் இரத்தமும் எலும்பு மஜ்ஜையும் பெரும்பாலும் அறுத்த சில நாட்களுக்குள் அடுப்பேறிவிடும். புகைக்குப் போகும் உறுப்புகளில் முதலிடம் இதயத்துக்கு, அடுத்தது நாக்குக்கு. ஏன் இந்த இரண்டு? இதற்கு விடை தேடிப் போனால் இயற்பியல், வேதியியல், நுண்ணுயிரியல் மூன்றும் எதிரே வருகின்றன. புகையில் எதைத் தொங்கவிடலாம், எதைத் தொங்கவிடக் கூடாது என்று அந்தக் குடும்பங்கள் ஆய்வகம் எதுவும் பிறக்குமுன்பே கண்டு வைத்திருந்தன என்பதுதான் எனக்கு இதில் பெரிய வியப்பு.

முதலில் இதயத்தையே பார்ப்போம். உள்ளுறுப்பு என்ற பட்டியலில் ஈரலோடும் சிறுநீரகத்தோடும் அதைச் சேர்த்துவிட்டாலும், அது முழுக்க முழுக்கத் தசை. தொடைத் தசை ஓடும்போது வேலை செய்யும், படுக்கும்போது ஓய்வெடுக்கும். இதயத் தசைக்கு ஓய்வு என்பது இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் மட்டும்தான். இந்த ஓயாத வேலைக்கு ஆற்றல் தருபவை மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள். செல்லுக்குள் இருந்துகொண்டு, உணவையும் ஆக்சிஜனையும் சேர்த்து ஆற்றலாக மாற்றும் உலைகள் இவை. சாதாரணத் தசை செல்லில் இவை பிடிக்கும் இடம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இதயத் தசை செல்லிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

இந்த உலைகளின் அடர்த்தியால்தான் உயிர்வேதியியலாளர்கள் நெடுங்காலமாகக் கசாப்புக் கூடத்தில் மாட்டு இதயம் வாங்கி ஆராய்ந்தார்கள். 1957-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் கிரேனும் அவரது குழுவினரும் மாட்டு இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து மஞ்சள் நிறப் பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். இன்று மருந்துக் கடைகளில் மாத்திரையாக விற்கும் கோஎன்சைம் க்யூ10 அதுதான். ஆற்றல் உற்பத்தியின்போது எலெக்ட்ரான்களை ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. நம் உடலே அதைத் தயாரித்துக்கொள்கிறது; உணவில் அது மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் ஒன்று விலங்கின் இதயம்.

சீவலின் அந்தக் கறுஞ்சிவப்பு நிறமும் அதே கதையின் தொடர்ச்சி. ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் தசைக்குச் சிவப்பைத் தருகிறது. அதன் நடுவே ஒரே ஓர் இரும்பு அணு, ஹீம் என்ற வளையத்துக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. இந்தப் பூட்டுதான் உண்பவருக்கு லாபம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு குடலுக்குள் தனியாக வந்து சேர்வதால், தானியங்களின் ஃபைட்டேட்டும் தேநீரின் டானினும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. பத்தில் ஒரு பங்கு உடலில் சேர்ந்தாலே பெரிது. ஹீம் இரும்பைக் குடல் வளையத்தோடு அப்படியே இழுத்துக்கொள்கிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இரத்தத்துக்குப் போய்விடும்.

எண்களாகச் சொன்னால் இன்னும் தெளிவு. நன்றாக அளந்து பதிவாகியிருக்கும் மாட்டு இதயத்தை எடுத்துக்கொள்வோம். பச்சையாக 100 கிராமில் புரதம் 17, 18 கிராம், கொழுப்பு 4 கிராம், இரும்பு 4 மில்லிகிராமுக்கு மேல், பி12 உயிர்ச்சத்து 8 மைக்ரோகிராமுக்கு மேல். வளர்ந்த ஒருவருக்கு நாளைக்கு வேண்டிய பி12 சுமார் 2.4 மைக்ரோகிராம். அப்படியென்றால் 100 கிராமில் மூன்று நாள் தேவை அடங்கிவிடுகிறது. புகையூட்டும்போது நீர் வடிந்து எடை குறைவதால், சீவலில் புரதமும் இரும்பும் இன்னும் செறிவாக இருக்கும்.

அந்த பி12 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இன்னொரு வியப்பு. குளிர்காலத்தில் ரெயின்டீரின் முக்கிய உணவு, பனிக்கு அடியில் கிடக்கும் லைக்கன். பூஞ்சையும் பாசியும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் உயிர் அது. அதில் புரதம் மிகக் குறைவு. நம் வயிறு அதைச் செரிக்கத் திணறும். மானின் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்து மானுக்கு ஆற்றலாக்குகின்றன. லைக்கனிலும் பிற தீவனத்திலும் துளியளவே இருக்கும் கோபால்ட் உலோகத்தைக் கொண்டு பி12-ஐக் கட்டுபவையும் அந்த நுண்ணுயிர்களே. தாவரமோ விலங்கோ அதைச் செய்ய முடியாது. தரையில் படர்ந்த சாம்பல் நிற லைக்கன் இரண்டு படிகள் கடந்து இரத்தம் உருவாக்கும் உயிர்ச்சத்தாகிறது.

இதயத்தை வெட்டித் துப்புரவு செய்கிறவருக்கு இன்னொன்றும் தட்டுப்படலாம். மாடு, மான் போன்ற அசைபோடும் விலங்குகளின் இதயத்துக்குள்ளே, பெருந்தமனி புறப்படும் இடத்துக்கு அருகில், சிறிய எலும்பு ஒன்று இருப்பதுண்டு. உடலின் வேறெந்த எலும்போடும் அதற்குத் தொடர்பில்லை. பெரிய இதயம் ஓங்கி அடிக்கும்போது வால்வுகளைச் சுற்றிய திசு கிழியாமல் தாங்கிக்கொள்வதற்காக என்று கருதப்படுகிறது. இடைக்கால ஐரோப்பாவின் மருந்துக் கடைகளில் மானின் இந்த இதய எலும்பைப் பொடித்து, இதய நோய்க்கு மருந்தாக விற்றார்கள். அது வேலை செய்ததா என்பது வேறு விஷயம். அந்தச் சிறு எலும்பைத் தேடி எடுக்கும் அளவுக்கு விலங்கின் உடலை ஊன்றிப் பார்த்திருக்கிறார்களே!

இனி உப்புக்கு வருவோம். இதயத்தின் வடிவம் இங்கேதான் உதவிக்கு வருகிறது. உப்பு இறைச்சிக்குள் போவது விசித்திரமான பயணம். அதைத் தள்ளும் விசை எதுவும் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் திசை தெரியாமல் இடிபட்டு நகரும் ஆளைப்போல ஒவ்வோர் அயனியும் முன்னும் பின்னும் அலைந்து, சிறிது சிறிதாக உள்ளே பரவுகிறது. இப்படி அலைந்து போகிறவருக்குத் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். தூரம் எட்டு மடங்கானால் நேரம் 64 மடங்கு.

இதயச் சுவரின் தடிப்பு 2 சென்டிமீட்டர், தொடையின் தடிப்பு 16 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுவரின் நடுவரை உப்பு சேர ஒரு நாள் ஆனால், தொடையின் நடுவுக்குச் சேர 64 நாள், அதாவது இரண்டு மாதம் ஆகும். தொடை கெட்டுப்போக அந்த இரண்டு மாதம் தாராளமாகப் போதும். ஆகவே பெரிய துண்டுகளை ஒன்று மெல்லியதாக வெட்ட வேண்டும், இல்லையென்றால் நெடுநாள் குளிரில் வைத்துக் காவல் காக்க வேண்டும். இதயமோ உள்ளே வெற்றிடம் கொண்ட பை. ஒரு பக்கம் கீறி விரித்து, இரத்தக் குழாய்களையும் வால்வுகளையும் மேலே படிந்த கெட்டிக் கொழுப்பையும் நீக்கிவிட்டால், அகத்திலும் புறத்திலும் உப்பு பிடிக்கும். வெட்டிச் சிதைக்காமலே மெல்லியதாக அமைந்த முழுத் தசை அது.

வெட்டிச் சிதைக்காமல் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நலமாக இருந்த விலங்கின் முழுத் தசைக்குள்ளே கிருமிகள் ஏறக்குறைய இருப்பதில்லை. அவை மேற்பரப்பில்தான் இருக்கும். புகையும் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போவதில்லை. கிருமியும் அதைக் கொல்லும் புகையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இறைச்சியை அரைத்தாலோ மேற்பரப்பில் இருந்த கிருமிகள் எல்லாம் நடுவே போய்விடும். புகை அவற்றை எட்டாது.

இதற்கு வரலாற்றில் கசப்பான சான்று உண்டு. ஜெர்மனியின் வுர்ட்டம்பெர்க் பகுதியில் புகையூட்டிய இரத்த சாசேஜும் ஈரல் சாசேஜும் தின்றவர்கள் இமை தொங்கி, விழுங்க முடியாமல், மூச்சுத் திணறி இறந்தார்கள். மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கெர்னர் இத்தகைய நோயாளிகளைப் பற்றி 1820-களின் தொடக்கத்தில் விரிவாக எழுதினார். கெட்ட சாசேஜிலிருந்து எடுத்த சாற்றைத் தானே உட்கொண்டும் பார்த்தார்! காற்றுப் புகாத இடத்தில்தான் அந்த நஞ்சு பிறக்கிறது என்பது அவரது முடிவு. நுண்ணுயிர்களே நோய்க்குக் காரணம் என்ற கொள்கை நிலைபெறாத காலத்தில் அது அபாரமான துப்பறிதல். போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் நஞ்சு அது என்று அந்த நூற்றாண்டின் கடைசியில் தெரியவந்தது. சுருக்கம் நீக்க முகத்தில் போடும் போடாக்ஸ் ஊசியும் அதே நஞ்சுதான், அளவு மட்டும் மிக மிக நுண்ணியது.

உப்பு அந்தப் பாக்டீரியாவை அடக்கும் விதமும் நுட்பமானது. இறைச்சியில் நீர் இருப்பது வேறு, கிருமி குடிக்கத் தக்க நீர் இருப்பது வேறு. உப்பு அயனிகள் நீர் மூலக்கூறுகளைத் தம்மோடு கட்டிப்போடுகின்றன. கட்டுப்படாத நீரின் பங்கை நீர்ச்செயல்பாடு என்ற எண்ணால் குறிப்பார்கள். தூய நீருக்கு அது 1. புதிய இறைச்சிக்குச் சுமார் 0.99. சுமார் 0.94-க்குக் கீழே இறங்கினால் போட்டுலினம் வளராது, 0.91-க்குக் கீழே பெரும்பாலான பாக்டீரியாக்கள் ஓய்ந்துவிடும். பார்ப்பதற்கு மிகச் சிறிய வேறுபாடு. கிருமிக்கோ அது வாழ்வுக்கும் வறட்சிக்கும் இடைப்பட்ட தூரம். நம் ஊர் உப்புக்கண்டம் வெயிலை நம்பி அந்த எண்ணைக் கீழே இறக்குகிறது. வெயில் சுருங்கிய வடக்கில் குளிர்காற்றும் நெருப்பும் அதைச் செய்கின்றன.

உப்பிட்ட இதயத்தை உடனே புகைக்கு அனுப்புவதில்லை. முதலில் காற்றில் தொங்கவிடுவார்கள். உப்பில் கரைந்து மேலே வந்த புரதம் உலர்ந்து பிசுபிசுத்த மெல்லிய ஏடாகப் படியும். நீர் சொட்டும் இதயத்தில் புகை கோடுகோடாக வழிந்து கசக்கும். வறண்டுபோன இதயத்தில் புகையின் ஆவி ஒட்டாது. தொட்டால் விரலில் லேசாக ஒட்ட வேண்டும், அதுதான் பதம்.

இப்போது லாவ்வு என்ற ஸாமிக் கூடாரத்துக்குள் போகலாம். சாய்த்து நிறுத்திய கழிகள், மேலே திறந்த புகைப்போக்கு, நடுவே கல் சுற்றி வைத்த அடுப்பு. இறைச்சி கூரைக்கு அருகே குறுக்குக் கழிகளில் தொங்கும். அடுப்பில் பர்ச் அல்லது ஆல்டர் விறகு. பர்ச்சின் பட்டையை உரித்துவிட வேண்டும். அது தார்போல எரிந்து கரி அப்பிவிடும். சுமார் எட்டு மணி நேரம் ஒருவர் அடுப்பருகே இருந்து, தீ கொழுந்துவிட்டு எரியாமலும் அணைந்துபோகாமலும் பார்த்துக்கொள்வார். உயரத்தில் தொங்கும் இறைச்சிக்குப் புகை போய்ச் சேரும்போது சூடு தணிந்திருக்கும். இறைச்சி வேகாது; பச்சையாகவே பக்குவப்படும். இதைக் குளிர்புகை என்கிறார்கள்.

விறகு என்பது மூன்று பொருள்களின் கட்டு: ஹெமிசெல்லுலோஸ், செல்லுலோஸ், லிக்னின். சூடு ஏற ஏற இவை வரிசையாகச் சிதைகின்றன. 200 டிகிரியைத் தாண்டியதும் முதலில் உடைவது ஹெமிசெல்லுலோஸ். அதிலிருந்து அசிட்டிக் அமிலம் போன்ற புளிப்பான ஆவிகள் வரும். அவை மேற்பரப்பைப் புளிக்க வைத்துக் கிருமிகளை ஒடுக்குகின்றன. அடுத்துச் செல்லுலோஸ், கார்பனைல் என்ற வகைச் சேர்மங்களைத் தரும். இவை இறைச்சியின் புரதத்தோடு வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் மினுமினுப்பையும் உண்டாக்குகின்றன. அந்தப் பளபளப்பு வெளியிலிருந்து பூசிய சாயம் என்று நினைக்கத் தோன்றும். புகையும் புரதமும் கலந்து அங்கேயே பிறந்த புதிய பொருள் அது.

கடைசியாக, 300 டிகிரிக்கு மேல், லிக்னின் உடைகிறது. மரத்தை நிமிர்ந்து நிற்க வைக்கும் இந்தக் கெட்டிப் பொருள்தான் வாசனைக் களஞ்சியம். புகை வாசனை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு குவையக்கால், சிரிங்கால் என்ற இரண்டு ஃபீனால் சேர்மங்களுடையது. கூடவே வனிலாவின் மணமான வனிலினும் கிராம்பின் மணமான யூஜினாலும் சிறிய அளவில் வெளிவரும். அகன்ற இலை மரங்களான பர்ச்சிலும் ஆல்டரிலும் குவையக்கால், சிரிங்கால் இரண்டும் கிடைக்கின்றன. ஊசியிலை மரங்களில் சிரிங்கால் ஏறக்குறைய இல்லை, போதாக்குறைக்குப் பிசின் வேறு. ஆல்டரைத் தேடி எடுத்த கைகளுக்கு லிக்னின் என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூக்கே போதுமானதாக இருந்தது. வாசனைக்காக ஜூனிப்பர் குச்சிகளைக் கொஞ்சமாகப் போடுவதும் உண்டு.

இந்த ஃபீனால்கள் காவல் வேலையும் பார்க்கின்றன. இரும்பு மிகுந்த இறைச்சியில் கொழுப்பு சீக்கிரம் காறிப்போகும், ஏனெனில் இரும்பே அந்த வினையைத் தூண்டிவிடும். இதயத்தில் இரும்பு அதிகம். ஊட்டமாக இருக்கும் அதே பொருள் கெடுவதற்கும் வழிசெய்கிறது. புகையின் ஃபீனால்கள் இடையே புகுந்து அந்தத் தொடர்வினையை அறுத்துவிடுகின்றன. இதயத்துக்குப் புகை பொருந்திப்போகும் காரணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஈரலின் கதை வேறு. தசையின் உறுதி அதற்கில்லை. நொதிகள் நிரம்பிய மென்மையான உறுப்பு அது. உயிர் போனதும் அந்த நொதிகள் தன்னையே கரைக்கத் தொடங்கிவிடும். ஆகவே புதிதாகச் சமைப்பதே முறை. அதன் ஊட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஏ உயிர்ச்சத்தை உடல் சேமிக்கும் கிடங்கு ஈரல். 1596-97 குளிர்காலத்தில் வில்லெம் பாரென்ட்ஸின் டச்சுக் குழு நோவயா செம்லியா தீவில் பனியில் சிக்கிக்கொண்டபோது, பனிக்கரடியின் ஈரலைத் தின்றவர்கள் கடுமையாக நோயுற்றார்கள். மூவருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை தோல் உரிந்தது. காரணம் 1943-இல் தெரிந்தது. கோரே ரோடால், தாமஸ் மூர் இருவரும் அளந்தபோது, பனிக்கரடி ஈரலின் ஒரே கிராமில் 13,000 முதல் 18,000 யூனிட் வரை ஏ உயிர்ச்சத்து இருந்தது. நமக்கு ஒரு நாளைக்குச் சுமார் 3,000 யூனிட் போதும். மானின் ஈரல் அவ்வளவு ஆபத்தானது இல்லை. இருந்தாலும் கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்கும்படி பல நாடுகள் சொல்வது இதனால்தான்.

மூஸின் சிறுநீரகத்திலும் ஈரலிலும் இன்னொரு சேமிப்பு நடக்கிறது. மூஸ் விரும்பித் தின்னும் வில்லோ மரம் மண்ணிலிருந்து காட்மியம் என்ற நச்சு உலோகத்தை உறிஞ்சும் குணமுடையது. அது இந்த இரு உறுப்புகளிலும் ஆண்டுக்கணக்கில் தங்கிச் சேரும். வயது கூடக் கூட அளவும் கூடும். வயதான மூஸின் இவ்வுறுப்புகளை விட்டுவிடுமாறு நார்டிக் நாடுகளின் உணவுத் துறைகள் எச்சரிக்கின்றன. இதயம் உலோகக் கிடங்கு இல்லை. அதில் சேரும் காட்மியம் மிகக் குறைவு. இதயத்துக்கு வேட்டையில் வேறொரு கவலை உண்டு. ஈயத் தோட்டா நெஞ்சில் பாய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறும். தோட்டா போன பாதையைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிய வேண்டும். இதயத்திலேயே பட்டிருந்தால் அந்த இதயம் சமையலுக்கு ஆகாது.

இதயமும் தப்பாத பேரிடர் ஒன்று 1986 ஏப்ரலில் வந்தது. செர்னோபில் அணு உலையிலிருந்து கிளம்பிய கதிரியக்கச் சீசியம்-137 மழையோடு சுவீடனிலும் நார்வேயிலும் இறங்கியது. லைக்கனுக்கு வேர் இல்லை. வேண்டியதையெல்லாம் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். சீசியத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டது. அதைத் தின்ற ரெயின்டீரின் உடல், சீசியத்தைப் பொட்டாசியம் என்று ஏமாந்து தசைகளில் சேர்த்தது. அந்த ஆண்டு வெட்டிய இறைச்சியில் பெரும் பகுதி உணவாகாமல் வீணானது. சுவீடன் முதலில் கிலோவுக்கு 300 பெக்கரல் என்று வைத்த வரம்பை, 1987-இல் ரெயின்டீருக்கும் வேட்டை இறைச்சிக்கும் 1,500 என உயர்த்தியது. அரிதாக உண்ணப்படும் உணவுக்கு அது பாதுகாப்பானது என்பது கணக்கு. ஆனால் ஸாமி மேய்ப்பர்களுக்கு அது அரிய உணவு அல்லவே, அன்றாட உணவு. அந்தக் கணக்கில் அவர்கள்தான் விடுபட்டார்கள்.

மீள்வதற்கான வழியும் வேதியியலிலிருந்தே வந்தது. மானின் உடலில் சேர்ந்த சீசியத்தில் பாதி சில வாரங்களில் வெளியேறிவிடும்; ஆகவே வெட்டுவதற்கு முன் தூய தீவனம் கொடுத்துக் காத்திருந்தார்கள். நார்வேயில் பிரஷ்யன் நீலம் என்ற பழைய ஓவிய நிறமியின் ஒரு வகையை உப்புக்கட்டியில் கலந்து நக்கக் கொடுத்தார்கள். அதன் படிகக் கூட்டுக்குள் சீசியம் சிக்கிக் கழிவோடு போய்விடும். சமையலறையிலும் ஓர் உபாயம் இருந்தது. சீசியம் நீரில் கரைவதால், இறைச்சியை உப்புநீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் கணிசமான பங்கு அதோடு போய்விடும்.

புகைக்கும் கேடு இல்லாமல் இல்லை. விறகு கொழுந்துவிட்டு எரியும்போதும் கொழுப்பு தீயில் சொட்டும்போதும் பென்சோபைரீன் என்ற புற்றுநோய்க் காரணி உருவாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் புகையூட்டிய இறைச்சிக்கான வரம்பைக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 2-ஆகக் குறைத்தது. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு. மரபான முறையில் உள்ளூரில் புகையூட்டி விற்பவர்களுக்காகச் சுவீடன், பின்லாந்து போன்ற நாடுகள் விலக்குக் கேட்டுப் பெற்றன. கொழுப்பு நீக்கிய இதயம் தீயில் சொட்டுவது குறைவு, குளிர்புகையின் தணிந்த நெருப்பும் நல்லது. என்றாலும் உப்பிட்டுப் புகையூட்டிய இறைச்சி வகைகளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. இதைத் தட்டு நிறையத் தின்னக் கூடாது என்பதே என் கருத்தும். சில சீவல்களே போதும். சுவையும் உப்பும் அதற்கு மேல் இடம் தருவதில்லை.

சீவுவதில்தான் சமையல் தொடங்குகிறது. மற்ற இறைச்சியில் நார் ஒரே திசையில் ஓடும். அதற்குக் குறுக்கே வெட்டாவிட்டால் பல்லில் சிக்கும். இதயத்தில் நார்கள் திருகிச் சுழல்கின்றன. சுவரின் வெளிப்புறத்திலிருந்து உட்புறம் போவதற்குள் அவற்றின் திசை ஏறத்தாழ 120 டிகிரி திரும்பிவிடும். இரத்தத்தைத் துணி பிழிவதுபோல் முறுக்கி வெளியேற்ற இயற்கை செய்த ஏற்பாடு இது. உண்பவருக்கு அதனால் ஒரு சலுகை: எந்தப் பக்கம் வெட்டினாலும் கத்தி சில நார்களையாவது குறுக்கே அறுத்துவிடும். பாதி உறைந்த நிலையில் சீவினால் இன்னும் மெல்லியதாக வரும். நன்றாக உறையவைப்பது, பச்சை இறைச்சியில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா போன்ற ஒட்டுண்ணியையும் கொல்லும்.

சீவலோடு வைக்கும் துணைகளுக்கும் காரணம் இருக்கிறது. புகையின் ஃபீனால்கள் நீரைவிடக் கொழுப்பில் எளிதாகக் கரையும். கொழுப்பு குறைந்த இதயச் சீவலைப் புளித்த பாலாடையோடு தின்றால் புகைச் சுவை நாக்கு முழுதும் பரவி மென்மையாகும். அந்தப் பாலாடையில் துருவிக் கலக்கும் குதிரைமுள்ளங்கிக் கிழங்கின் காரம், நம் கடுகில் மூக்கைத் தாக்கும் அதே சேர்மத்தால் வருவது. கிழங்கைத் துருவும்போதுதான் அது பிறக்கிறது. பக்கத்தில் லிங்கன்பெரி என்ற சிவந்த புளிப்புப் பழம். அதில் இயற்கையாகவே பென்சாயிக் அமிலம் உண்டு, ஊறுகாய் ஜாடிகளில் நாம் சேர்க்கும் பாதுகாப்புப் பொருளின் மூலம் அது. அதனால் சர்க்கரை சேர்க்காமல் வெறும் நீரில் போட்டு வைத்தாலும் அந்தப் பழம் குளிர்காலம் முழுதும் கெடாது. அடியில் மெல்லிய பார்லி ரொட்டி.

நாக்கின் பக்குவம் நேர்மாறு. அதுவும் தசைதான், ஆனால் நார்களுக்கு இடையே கொழுப்பு நிறைந்தது. மாட்டு நாக்கில் 100 கிராமுக்குச் சுமார் 16 கிராம், இதயத்தில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு. மேலே சொரசொரப்பான தடித்த தோல். வேகவைத்துத் தோலை உரித்தால் வெண்ணெய்போல மென்மையாகும். அதனால் அதைக் கொஞ்சம் தடிப்பாகவே வெட்டித் தருவார்கள். துணைக்குக் கொழுப்பும் தேவைப்படாது.

மிச்சம் இருப்பது காப்பி. ஸாமிகள் காப்பிக் கோப்பைக்குள் உலர்ந்த ரெயின்டீர் கறித் துண்டையும், கடித்தால் கீச்சிடும் ஒரு வகைச் சுட்ட பாலாடைக்கட்டியையும் போடுவார்கள். சுடு காப்பி கறியை ஊறவைத்து இளக்கும். கறியின் உப்பு காப்பியின் கசப்பை மட்டுப்படுத்தும். காப்பியைக் குடித்து முடித்ததும் அடியில் கிடக்கும் கறியையும் பாலாடைக்கட்டியையும் கரண்டியால் எடுத்துத் தின்றுவிட்டு, மறுபடி ஊற்றச் சொல்வார்கள்.